வெட்டுக்கிளியில் ஏறி, பீரங்கியில் மாறி

“வெட்டுக்கிளியில ஏறுங்கண்ணே. அடுத்தடுத்து மணி வரும், கழுகு வரும். பீரங்கி வந்ததும் இறங்கிடுங்க. அங்கேருந்து பச்சை லைன்ல வடக்கே போற வண்டி. கோபுரம் மாதிரி ஒரு படம் வரும். அதான் நீங்க கேட்ட இடம்.”

மெக்ஸிகோ நகரத்தில் மென்பொருள் வேலை பார்க்கும் திருச்சித் தம்பி, அலுவலகத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில் சொன்ன வழி இவ்வளவுதான். சாபுல்தெபெக், பால்தெராஸ், ட்லாதெலோல்கோ என்று ஸ்டேஷன் பெயர்களைச் சொல்லியிருந்தால் முதல் படிக்கட்டிலேயே எனக்கு மறந்திருக்கும். மெட்ரோ கார்டைக் கையில் திணித்துவிட்டுப் போனான். எங்கிருந்து எங்கே போனாலும் ஐந்து பேசோதான் கட்டணம். 2013 டிசம்பரில் ஏற்றியது.

சென்னையில் எனக்குத் தொழில், கடைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் லோகோ போட்டுத்தருவதும், கட்டடத்துக்குள் எந்த வாசல் எங்கே போகிறது என்று போர்டு வைத்துத்தருவதும்தான். இனிப்புக்கடைக்காரர் தங்க நிறம் கேட்பார், டாக்டர் பச்சை கேட்பார், பள்ளிக்கூடம் புத்தகமும் தீபமும் கேட்கும். எல்லோரும் கடைசியில் ஒன்றே சொல்வார்கள்: “பெரிசா போடுங்க.” அப்படிப் பெரிதாகப் போட்டே பழகிய கைக்கு, உள்ளங்கையளவு சதுரத்தில் ஒரு பூச்சியை வரைந்துவைத்து ஒரு மாநகரத்தையே நகர்த்தும் இந்த ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

சாபுல்தெபெக் ஸ்டேஷனின் படம் வெட்டுக்கிளி. அந்த ஊர்ப் பழைய நஹுவாத்ல் மொழியில் அந்தப் பெயருக்கு வெட்டுக்கிளிக் குன்று என்று பொருள். மூலை மழுங்கிய இளஞ்சிவப்புச் சதுரத்துக்குள் வெள்ளைக் கோட்டில் ஒரு பூச்சி, கீழே பெயர். நடைமேடைச் சுவர், வழிப்பலகை, ரயில் கதவுக்கு மேலுள்ள நீண்ட பட்டை என்று எல்லா இடத்திலும் அதே பூச்சி, அதே சதுரம். முதல் லைன் இளஞ்சிவப்பு, இரண்டாவது நீலம், மூன்றாவது பச்சை. இரண்டு லைன் சந்திக்கும் ஸ்டேஷன் என்றால் சதுரத்தின் குறுக்கே சாய்வாக இரண்டு நிறமும் ஓடும். ஒரு வார்த்தை படிக்காமல் இவ்வளவும் புரிந்துவிடுகிறது.

இதை வரைந்தவர் லான்ஸ் வைமன். 1937இல் அமெரிக்காவின் நியூஆர்க்கில் பிறந்தவர், பிராட் கல்லூரியில் தொழில் வடிவமைப்பு படித்தவர், நியூயார்க்கில் ஜார்ஜ் நெல்சனின் அலுவலகத்தில் வேலை செய்தவர். 1966 நவம்பரில், பீட்டர் மர்டாக் என்ற ஆங்கிலேய நண்பரோடு மெக்ஸிகோவுக்கு வந்தார். 1968 ஒலிம்பிக்குக்கு அடையாளம் செய்யும் வேலைக்கு முதலில் இரண்டு வாரம்தான் அவகாசம். தேறாவிட்டால் ஊர் திரும்ப வேண்டியதுதான். போக மட்டும் டிக்கெட் எடுத்து வந்தவர்கள் என்று சொல்வார்கள். ஒலிம்பிக் வளையங்களின் வட்டமும் 68 என்ற எண்ணின் வளைவுகளும் ஒன்றோடொன்று பொருந்துவதைக் கண்டார் வைமன். வட்டத்தைச் சுற்றி வட்டமாகக் கோடுகளை விரியவிட்டால் ‘மெக்ஸிகோ’ என்ற எழுத்தும் அதிலிருந்தே முளைத்தது. தேன்மெழுகில் வண்ண நூலைப் பதித்து ஓவியம் செய்யும் உய்ச்சோல் பழங்குடியினரின் கைவேலை ஒரு பக்கம், அறுபதுகளில் நியூயார்க்கில் கண்ணைக் கூசவைத்துக்கொண்டிருந்த ஆப் ஆர்ட் மறுபக்கம். இரண்டும் அந்தக் கோட்டில் சந்திக்கின்றன.

அந்த லோகோவில் யார் பங்கு எவ்வளவு என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. மெக்ஸிகோவின் எடுவார்தோ தெராசாஸுக்கு அதில் பெரும்பங்கு உண்டு என்று ஒரு தரப்பு. எல்லோருக்கும் மேலே இருந்து ஆட்டிவைத்தவர் கட்டடக் கலைஞர் பெத்ரோ ராமிரெஸ் வாஸ்கெஸ். மானுடவியல் அருங்காட்சியகத்தையும் அஸ்தெகா மைதானத்தையும் எழுப்பிய கையோடு ஒலிம்பிக் குழுவுக்குத் தலைவரானவர். எங்கள் தொழிலில் இப்படித்தான். லோகோ ஜெயித்தால் அதற்குத் தகப்பன்மார் பலர், தோற்றால் ஆர்ட்டிஸ்ட் ஒருவன்.

மெட்ரோ பிறந்தது ஒலிம்பிக் முடிந்த மறு வருடம். 1969 செப்டம்பர் 4 அன்று சரகோசாவிலிருந்து சாபுல்தெபெக் வரை 16 ஸ்டேஷன்களோடு ஓட ஆரம்பித்தது. முதல் மூன்று லைன்களின் படங்கள் வைமனும் அவரோடு இருந்த மெக்ஸிக்க இளைஞர்களும் செய்தவை. மெட்ரோவின் லோகோவில் உள்ள ‘எம்’ எழுத்தின் மூன்று கோடுகளும் அந்த மூன்று லைன்கள்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அன்றைக்கு அந்த நகரில் நிறைய. ஸ்பானிஷ் தெரியாத பழங்குடி மக்களும் வெளிநாட்டாரும் வருவார்கள். ஆளுக்கொரு மொழி, எல்லோருக்கும் ஒரே படம் என்பது கணக்கு.

நமக்கு இது அந்நியமான யோசனை இல்லை. 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி என்று வைத்து, ஒவ்வொரு பெட்டியிலும் சின்னத்தை ஒட்டி ஓட்டுக் கேட்ட நாடு இது. ஆனால் வித்தியாசம் ஒன்று உண்டு. நம் சின்னங்கள் பட்டியலிலிருந்து எடுத்துக் கொடுத்தவை; சுயேச்சைக்குக் கிடைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் அவருக்கும் சம்பந்தம் கிடையாது. மெக்ஸிகோவின் படம் ஒவ்வொன்றும் அந்தந்த மண்ணைத் தோண்டி எடுத்தது. கந்தெலாரியாவுக்கு வாத்து, ஏனென்றால் அந்தப் பேட்டை ஏரிக்கரையாக இருந்த காலத்தில் வாத்துகளுக்குப் பேர்போனது. செவிய்யாவுக்குப் பழைய நீர்க்கால்வாயின் வளைவுகள். மெர்சேதுக்கு ஒரு பெட்டி ஆப்பிள். மேலே ஏறினால் சந்தை. இன்சுர்ஹெந்தெஸுக்குச் சுதந்திரப் போரைத் தொடங்கிவைத்த தொலோரெஸ் மணி.

பினோ சுவாரெஸின் படம்தான் எனக்கு உச்சம். 1967இல் அங்கே மெட்ரோவுக்குக் குழி வெட்டும்போது காற்றுக் கடவுள் எஹெகாத்லின் வட்டமான சிறு கோயில் மேடை அகப்பட்டது. அதைப் பெயர்த்து மியூசியத்துக்கு அனுப்பாமல், லைன் மாறும் நடைபாதைக்கு நடுவிலேயே, மேலே வானம் தெரிய விட்டுவிட்டார்கள். ஸ்டேஷனின் படமும் அந்த மேடைதான். சுவரில் பார்த்த படத்தை நாலெட்டில் கல்லாகவே பார்க்க முடிகிற வேறு ரயில் நிலையம் எனக்குத் தெரியவில்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் கடந்துபோனார்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெருவுடையார் கோயில் வாசலில் டீக்கடை வைத்திருப்பவர் விமானத்தை எத்தனை தடவை அண்ணாந்து பார்ப்பார்?

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள், ஊரே படத்தை வைத்துத்தான் பேசுகிறது என்கிற மாதிரி எழுதிவிடுகிறார்கள். நான் காதுகொடுத்தவரை ஊர்க்காரர்கள் பெயரைத்தான் சொல்கிறார்கள். பேட்டரி, நெயில்கட்டர், மிட்டாய் என்று பெட்டிக்குப் பெட்டி கூவிக்கொண்டே போகும் வியாபாரிகள் சுவரை ஏறிட்டும் பார்ப்பதில்லை; அடுத்த ஸ்டேஷன் அவர்கள் காலுக்குத் தெரியும். படம் வேலை செய்வது என்னைப் போன்ற புதியவனிடமும், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு “நாரை! நாரை!” என்று யூஹெனியா ஸ்டேஷனில் குதித்த குழந்தையிடமும்தான். அதனால் மதிப்புக் குறைந்துவிடாது. தொலைந்துபோகக்கூடியவர்களுக்காக வைப்பதுதானே போர்டு.

வைமனுக்குப் பிறகு லைன்கள் பெருகி இன்று பன்னிரண்டு, ஸ்டேஷன்கள் 195. படங்களை வேறு வேறு கைகள் வரைந்தன. நல்லவை பல உண்டு. தாலிஸ்மான் ஸ்டேஷனுக்கு மம்மத் யானை, கட்டும்போது அதன் எலும்பு கிடைத்ததால். எத்தியோப்பியா ஸ்டேஷனுக்குச் சிங்கத் தலை. ஆனால் எல்லாக் காலத்திலும் சறுக்கல் ஒரே இடத்தில்தான்: தலைவர் முகம். இதால்கோ, அயெந்தே, ஹுவாரெஸ் என்று வரிசையாக மனிதத் தலைகள். அகன்ற தொப்பி இருப்பதால் சப்பாத்தா மட்டும் தப்பித்தார். மற்றவர்களைப் பெயர் படிக்காமல் பிரித்தறிய எனக்கு முடியவில்லை. முகம் என்பது போட்டோவுக்கு, சின்னத்துக்கு அல்ல. சென்னை மெட்ரோவிலும் 2020இல் சென்ட்ரல், ஆலந்தூர், கோயம்பேடு பஸ் நிலைய ஸ்டேஷன்களுக்குத் தலைவர்கள் பெயரைச் சேர்த்தார்கள். எம்.ஜி.ஆருக்கு ஒரு தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போதும், யாரும் சமாளித்துவிடுவார்கள். மற்ற இருவரையும் என்னிடம் கொடுத்தால் நான் பேசாமல் ஆலந்தூருக்கு விமானமும் கோயம்பேட்டுக்குக் காய்கறிக்கூடையும் வரைந்துகொடுத்துவிட்டு, வரப்போகிற போன்காலுக்குக் காத்திருப்பேன்.

பால்தெராஸில் பீரங்கி வந்தது. பச்சை லைனுக்கு மாறினேன். கோபுரப் படம் வந்தபோது இறங்கினேன்.

ட்லாதெலோல்கோ ஸ்டேஷன் சுவரில் இருப்பது அங்கே உயர்ந்து நிற்கும் முக்கோண வடிவக் கோபுரம் ஒன்று. மாரியோ பானி அறுபதுகளில் கட்டிய மாபெரும் குடியிருப்பின் அடையாளம் அது. அங்கிருந்து அடுக்குமாடிகளுக்கு நடுவே நடந்தால் முப்பண்பாட்டுச் சதுக்கம் வரும். அஸ்டெக் காலத்து இடிபாடு, அதன் கல்லைப் பெயர்த்து ஸ்பானியர்கள் கட்டிய தேவாலயம், சுற்றிலும் நவீனக் கட்டடம். 1968 அக்டோபர் 2 மாலை இங்கே கூடிய மாணவர்கள் மீது ராணுவம் சுட்டது. ஒலிம்பிக் தொடங்கப் பத்து நாள் இருந்தது. எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கு இன்றுவரை தீரவில்லை. 1993இல் நட்ட ஒரு கல்லில் சிலரின் பெயரும் வயதும் இருக்கின்றன. பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயதுகள்.

சதுக்கத்தின் ஓரத்தில் இருப்பது பழைய வெளியுறவு அமைச்சகம். அதைக் கட்டியவரும் அதே ராமிரெஸ் வாஸ்கெஸ். இன்று அது பல்கலைக்கழகத்தின் பண்பாட்டு மையம். உள்ளே 68இன் நினைவகம். நான் இந்த ஊருக்கு வந்ததற்கு உண்மையான காரணம் அந்த 68இல் நடந்த ஒரு காரியம்தான். மாணவர்கள் கையில் பத்திரிகை இல்லை, வானொலி இல்லை. ஓவியக் கல்லூரிகளில் இரவெல்லாம் லினோலியம் வெட்டி, பட்டுத்திரை அச்சில் சுவரொட்டி அடித்தார்கள். எந்தப் பாணியில் வரைவது என்று அவர்கள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஊர் முழுக்க வைமன் குழு பூசிவைத்த பாணி தயாராக இருந்தது. வட்டக்கோட்டு லோகோவுக்குப் பக்கத்தில் தடி ஓங்கிய போலீஸ்காரன். விளையாட்டுச் சின்னங்களின் சட்டத்துக்குள் டாங்கி. ‘அமைதியில் எல்லாம் சாத்தியம்’ என்ற வாசகத்தோடு கடைக்கண்ணாடிகளில் ஒட்டியிருந்த வெள்ளைப் புறாவின் நெஞ்சில் சிவப்புச் சாயம்.

கிளையன்ட் காசு கொடுத்துச் செய்துகொண்ட அடையாளம், அவரை எதிர்ப்பவன் கையில் அவருக்கே எதிராக எழுந்து நிற்க வேண்டுமென்றால், அது எவ்வளவு தெளிவாக இருந்திருக்க வேண்டும்! குழப்பமான லோகோவை யாராலும் இப்படித் திருப்பிப்போட முடியாது. என் தொழிலில் இருப்பவர்கள் கையேடு என்று ஒன்று தயாரிப்பார்கள். லோகோவைச் சாய்க்காதே, நிறத்தை மாற்றாதே, பக்கத்தில் இவ்வளவு இடம் விடு என்று பக்கம் பக்கமாக விதி. அந்த மாணவர்களின் சுவரொட்டிகள் அத்தனை விதியையும் மீறியவை, அந்த லோகோவை எல்லோரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டவையும் அவைதான். விதியை நாம் எழுதலாம். பொருளை எழுதுவது தெருவில் நடப்பவர்கள்.

ஆனால் ஒரு குறை எனக்குத் தீரவில்லை. இந்த ஸ்டேஷன் திறந்தது 1970 நவம்பரில், ரத்தம் சிந்தி இரண்டே ஆண்டுகளில். மண்ணில் புதைந்ததைத் தோண்டியெடுத்துப் படம் போடுவதுதான் இந்த வேலையின் பெருமை என்றால், இங்கே மட்டும் தோண்டாமல் உயரத்தைப் பார்த்துக் கோபுரத்தை வரைந்திருக்கிறார்கள். அன்றைய அரசிடம் வேறெதையும் கேட்டிருக்கவும் முடியாது. கூலிக்கு வரைகிறவனின் எல்லை அந்தச் சதுரத்தின் ஓரத்தில் முடிந்துவிடுகிறது.

அதே பச்சை லைனின் தென்கோடி பல்கலைக்கழகம். ஒலிம்பிக் தொடங்கிய மைதானம் அங்கே இருக்கிறது. வாசலுக்கு மேலே தியகோ ரிவேரா முடிக்காமல் விட்ட கல்லோவியம். எதிரே ஹுவான் ஒ’கோர்மன் நூலகம், நாலு பக்கமும் நாட்டின் பல மூலைகளிலிருந்து கொண்டுவந்த வண்ணக் கற்களால் ஆன சித்திரம். இதைப் பார்த்த பிறகு வைமன் எங்கிருந்தோ வந்து கொட்டிவிட்டுப் போனார் என்று சொல்ல மாட்டேன். சுவரைப் பேசவைப்பது இந்த ஊரின் பழைய பழக்கம். அவர் வந்தது அந்தப் பேச்சின் நடுவில். 1968இல் இந்த மைதானத்தைச் சுற்றித் தரையெல்லாம் வட்டக்கோடுகளை விரித்துப் பூசியிருந்தார்கள். டிக்கெட்டின் நிறமும் படமும் பார்த்தே எந்த வாசல், எந்த விளையாட்டு என்று தெரியும். 1964 டோக்கியோவில் முழு மனித உருவங்களை வைத்து விளையாட்டுச் சின்னம் செய்திருந்தார்கள். மெக்ஸிகோவில் ஆளை எடுத்துவிட்டுக் கையும் காலும் பந்தும் கையுறையும் மட்டும் வைத்தார்கள். இப்போது தரையில் பூச்சு எதுவும் இல்லை, வண்டி நிறுத்துகிறார்கள்.

பிற்பாடு வைமனுக்குக் கிளையன்ட்கள் பலவிதம். 1970 உலகக்கோப்பைக் கால்பந்து, கமினோ ரெயால் என்ற நட்சத்திர ஹோட்டல், வாஷிங்டனில் விலங்குக் காட்சிசாலை, அந்நகர மெட்ரோவின் 1976ஆம் ஆண்டு வரைபடம், 1993இல் மீண்டும் இங்கே சாபுல்தெபெக்கில் ‘பாபலோத்தே’ என்ற குழந்தைகள் அருங்காட்சியகம். கடைசியாகச் சொன்னதன் வாசலில் அவருடைய வண்ணத்துப்பூச்சியைப் பார்த்தேன். அழகுதான். என்றாலும் நுழைவுச்சீட்டு வாங்கினவர்களுக்கு மட்டுமான அழகு. ஐந்து பேசோ வெட்டுக்கிளியோடு அது போட்டி போட முடியாது.

சாயங்காலம் வேலை முடிந்து தம்பி வந்து, “வாங்கண்ணே, உங்க தொழில் சம்பந்தமா ஒண்ணு காட்டுறேன்” என்று நகர மையத்திலுள்ள குவாதெமோக் வட்டாரத்துக்கு அழைத்துப் போனான். நடைபாதையெங்கும் தகரப் பெட்டிக்கடைகள். சாண்ட்விச் மாதிரியான தோர்த்தாவும் பழச்சாறும் விற்பவை. இந்தக் கடைகளின் உடம்பு முழுக்கக் கையால் எழுதும் ஓவியர்கள் அந்த ஊரில் தனி இனம். புன்னகைக்கும் பன்றி, நிழல்விட்ட தடித்த எழுத்து, ஈரம் சொட்டும் தர்பூசணி. 2022இல் வட்டார நிர்வாகம் அழகுபடுத்துகிறோம் என்று கிளம்பி, இதையெல்லாம் அழித்து வெள்ளையடித்து, எல்லாக் கடைகளிலும் தன் லோகோவை ஒட்டவைத்தது. ஓவியர்களும் வடிவமைப்பாளர்களும் ஆர்வலர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள், அழிந்தவற்றின் படங்களைத் தேடிச் சேர்த்தார்கள். பிளெக்ஸ் வந்தபோது நம் ஊர் போர்டு ஆர்ட்டிஸ்ட்கள் தூரிகையைக் கீழே வைத்ததற்கு யாரும் கூட்டம் போடவில்லை. நானும்தான் போடவில்லை, என் முதல் வருமானமே பிளெக்ஸில் வந்தது.

ஒரே சீரான அடையாளம் என்பது எங்கள் தொழிலின் மந்திரம். மெட்ரோவில் அது வாழ்கிறது, இந்தப் பெட்டிக்கடையில் கொல்கிறது. மெட்ரோவின் சதுரம் ஒன்றுதான், உள்ளே இருப்பது ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் வேறு. வட்டார நிர்வாகம் சதுரத்தை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே இருந்ததைத் துடைத்துவிட்டது.

நாங்கள் நின்ற கடையில் வெள்ளைப் பூச்சின் மேலேயே புதிதாக எழுதியிருந்தார்கள். சிவப்பில் கடைப்பெயர், மஞ்சளில் நிழல், கதவில் வாய்பிளந்த ஒரு தோர்த்தா. கடைக்கார அம்மா அன்னாசி வெட்டிக்கொண்டே, இந்த ஆள் ஏன் சாப்பிடாமல் கதவையே பார்க்கிறான் என்று தம்பியிடம் கேட்டார். போர்டு எழுதுகிறவர் என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இந்த அளவுக் கடை ஒன்றுக்கு, சுற்றிலும் எழுத, உங்கள் ஊரில் என்ன வாங்குவீர்கள் என்று விசாரித்தார்.

எங்கள் அலுவலக ரேட்டைச் சொன்னேன். தம்பி ஒரு கணம் யோசித்தான். பிறகு அதில் ஒரு சைபரைக் குறைத்துக்கொண்டு ஸ்பானிஷில் சொன்னான். அதற்கே அந்தம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். “அந்தக் காசுக்கு இங்க கடையே வாங்கிடலாமாம்ணே” என்றான் தம்பி.